வங்கி அட்டை யார் கையில்? தோட்டப்புற முதியோர் கொடுமை குறித்து ஒரு பார்வை

தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்குப் பெற்றோரைப் போற்றச் சொல்லும் ஔவையார் வரிகள் மனப்பாடம். சபைகூடலில் ஒப்பித்திருக்கிறோம், பேச்சுப் போட்டியில் கையை ஆட்டி முழங்கியிருக்கிறோம். முதியோர் கொடுமை என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றும் காட்சியும் போட்டி நாடகங்களில் பார்த்ததுதான்: தாயை முதியோர் இல்லத்து வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் காரோட்டிச் செல்லும் மகன். நான் பிறந்து வளர்ந்த நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்தில் அப்படிப்பட்ட மகன்களை நான் அதிகம் கண்டதில்லை. அங்கே முதியவர்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். கொடுமையும் வீட்டிலேயே இருக்கிறது. அதனாலேயே அது நம் கண்ணில் படுவதில்லை.

எது கொடுமை என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். அடித்தால்தான் கொடுமை என்பது நம்மவர்களின் பொதுவான எண்ணம். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. 1975இல் பிரிட்டனின் மருத்துவ இதழ்கள் முதன்முதலில் இச்சிக்கலைப் பற்றி எழுதியபோது அவையும் 'பாட்டியை அடித்தல்' என்றே அதற்குப் பெயரிட்டன. பின்னர்தான் பார்வை விரிந்தது. 2002ஆம் ஆண்டின் டொரொன்டோ பிரகடனம் தந்த விளக்கத்தையே உலகச் சுகாதார நிறுவனம் இன்றும் கையாள்கிறது. நம்பிக்கைக்குரிய ஓர் உறவுக்குள் ஒருமுறையோ பலமுறையோ நடக்கும் ஒரு செயல் முதியவருக்குத் தீங்கையோ மன வேதனையையோ தருமானால் அது கொடுமை. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதும் அதில் அடங்கும். உடல், மனம், பணம், பாலியல், புறக்கணிப்பு என இதை ஐந்து வகையாகப் பிரிப்பர். வகைகளை மறந்தாலும் பரவாயில்லை. 'நம்பிக்கைக்குரிய உறவு', 'செய்யாமல் விடுதல்' ஆகிய இரண்டையும் மறக்கக் கூடாது. முகம் தெரியாத திருடன் பாட்டியின் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடினால் அது குற்றம். பேரன் அதைக் கழற்றி அடகுக்கடையில் வைத்தால் அது முதியோர் கொடுமை.

இது நம் பண்பாட்டில் இல்லாத ஒன்று, வெள்ளைக்காரர்களின் பிரச்சினை என்று சொல்வோரும் உண்டு. தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டத்தில் படுக்கையில் கிடக்கும் முதியவர்களை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்தே உயிரிழக்கச் செய்யும் 'தலைக்கூத்தல்' என்னும் வழக்கம் 2010இல் செய்தித்தாள்களில் வெளிவந்தது. பெற்றோரைப் பராமரிக்கப் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தும் சட்டத்தை இந்தியா 2007இல் இயற்றியது. சிங்கப்பூர் அதற்கும் முன்பே, 1995இல், இயற்றிவிட்டது. பண்பாடு மட்டுமே காவல் என்றால் இச்சட்டங்களுக்குத் தேவை வந்திருக்காது.

இனி நம் மாநிலத்துக்கு வருவோம். மலேசியாவில் முதியோர் கொடுமையைப் பற்றி நடந்த விரிவான ஆய்வுகளுள் ஒன்று நெகிரி செம்பிலானில்தான் நடந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013, 2014ஆம் ஆண்டுகளில் கோலாபிலா மாவட்டத்தில் 60 வயதை எட்டிய 2,112 பேரைச் சந்தித்துக் கேள்விகள் கேட்டனர். முடிவுகள் 2017இல் ஓர் அனைத்துலக மருத்துவ ஆய்விதழில் வெளிவந்தன. முந்தைய 12 மாதங்களில் ஏதேனும் ஒரு வகைக் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 4.5 விழுக்காட்டினர். மனத்தைப் புண்படுத்துவது முதலிடத்தில் இருந்தது, பணம் சார்ந்த கொடுமை இரண்டாம் இடத்தில். உடல் வதை அதற்கும் பிறகுதான். கொடுமைக்கு ஆளானவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகளை அனுபவித்திருந்தனர்.

4.5 என்பது சிறிய எண் போலத் தோன்றலாம். அதே ஆண்டு வெளிவந்த உலகளாவிய கணிப்பு 15.7 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர் என்கிறது. கோலாலம்பூரின் நகர்ப்புற ஏழைகளிடையே நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில் அது 9.6 விழுக்காடு. கோலாபிலாவில் நல்லவர்கள் அதிகமா? இருக்கலாம். ஆனால் ஆய்வாளர் வீட்டுக்கு வந்து கேட்கும்போது பெற்ற மகனைப் பற்றிப் புகார் சொல்ல எத்தனை தாய்க்கு மனம் வரும் என்பதையும் நாம் கணக்கில் கொள்ள வேண்டும். சொன்னவர்கள் 4.5 விழுக்காட்டினர் என்று வாசிப்பதே சரி என்பது என் கருத்து.

யாருக்கு ஆபத்து அதிகம் என்பதையும் அவ்வாய்வு ஆராய்ந்தது. மனச்சோர்வு அறிகுறிகள் உடையவர்கள், முன்பே வாழ்க்கையில் கொடுமையைச் சந்தித்தவர்கள், பிறருடன் தொடர்பு அறுந்து தனித்துப் போகும் நிலையில் இருப்பவர்கள் ஆகியோர் முன்னிலையில் இருந்தனர். இவை எதிர்பார்க்கக்கூடியவையே. என்னைத் தயங்கி நிற்க வைத்தது மற்றொன்று: ஆண்களுக்கான வாய்ப்பு பெண்களைவிட இரண்டு மடங்குக்குச் சற்று மேல். உலகின் பல பகுதிகளில் பெண்களே அதிகம் பாதிக்கப்படுவதாகப் படிக்கிறோம். இங்கே ஏன் தலைகீழ்?

நான் ஆய்வாளர் அல்லள். என் ஊகத்தை மட்டும் சொல்கிறேன். கோலாபிலா, அடாட் பெர்பாத்தே எனப்படும் தாய்வழி மரபு வாழும் மண். அங்கே பரம்பரை நிலம் தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. 1909ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றே அதற்குக் காவலாக இருக்கிறது. மணமான ஆண் மனைவியின் வீட்டுக்குச் செல்கிறான். எனவே வயதான பெண் தன் பெயரில் உள்ள மண்ணில் உட்கார்ந்திருக்கிறார். வயதான ஆணோ பிறர் வீட்டில் இருக்கிறார். ஊகம் சரியோ தவறோ, அது என்னை வேறொரு கேள்விக்குக் கொண்டு சென்றது. கோலாபிலாவிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் ரந்தாவ், லிங்கி, சிலியாவ், சுவா பெத்தோங் வட்டாரத் தோட்டங்கள் இருக்கின்றன. அங்குள்ள நம் தாத்தா பாட்டிகள் யாருடைய வீட்டில் இருக்கிறார்கள்?

இக்கேள்விக்குப் பதில் தேட வரலாற்றைச் சற்றுப் புரட்ட வேண்டும். தோட்டம் தொடங்கிய நாள் முதல் அதன் கணக்கில் முதுமைக்கு இடம் இருந்ததில்லை. ஆளைக் கொண்டு வருவதற்காக 1907இல் தமிழர் குடியேற்ற நிதி உருவாக்கப்பட்டது. பிறகு அது இந்தியர் குடியேற்ற நிதி ஆனது. முதலாளிகள் கட்டிய அந்தப் பணம் கப்பல் செலவுக்குப் பயன்பட்டது. வேலை செய்ய இயலாமல் போனவர்களைத் திருப்பி அனுப்பவும் அதே நிதிதான். இளமையில் கப்பலில் வந்து, கை நடுங்கத் தொடங்கியதும் கப்பலில் திரும்பிப் போக வேண்டும் என்பதே ஏற்பாடு. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது இளையவர்களையும் சேர்த்துப் பல்லாயிரக்கணக்கானோரை அவ்வாறே அனுப்பினார்கள். சுதந்திரத்துக்குப் பின், 1958இல், எஞ்சிய பணம் தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாக மாறியது. 1999இல் அந்த நிதியும் கலைக்கப்பட்டது.

திரும்பிப் போகாமல் இங்கேயே வேரூன்றியவர்கள் லயத்தில் வாழ்ந்தார்கள். லயத்து வீடு வேலைக்காகக் கொடுக்கப்படும் வீடு. பெரட்டில் பெயர் இருக்கும்வரை வீடு உண்டு. பெயர் போனால் வீடும் போகும். பிள்ளைகளில் ஒருவர் அதே தோட்டத்தில் வேலைக்கு இருந்தால் வீடு அவர் பெயருக்கு மாறும். நேற்றுவரை அந்த வீட்டின் தலைவராக இருந்தவர் ஒரே நாளில் மகனின் வீட்டில் ஒட்டியிருப்பவர் ஆகிவிடுகிறார். அதே கட்டில், அதே அடுப்படி, அதே கதவுதான். உரிமை மட்டும் கைமாறிவிட்டது. நீலாய், செனவாங், செண்டாயான் பக்கம் தோட்டங்கள் தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது குடும்பங்கள் மலிவு வீடுகளுக்குப் பெயர்ந்தன. வங்கிக் கடன் இளையவர்களுக்குத்தான் கிடைக்கும். எனவே அங்கேயும் வீடு பிள்ளையின் பெயரில்.

வீட்டுக்கு அடுத்தது பணம். தோட்டத் தொழிலாளி தன் வாழ்நாளில் மொத்தமாகப் பார்க்கும் ஒரே பெருந்தொகை 55 வயதில் கிடைக்கும் ஊழியர் சேமநிதிப் பணம். அது வரப்போகிறது என்பது வீட்டில் அனைவருக்கும் ஓராண்டுக்கு முன்பே தெரிந்திருக்கும். எங்கள் லயத்தில் இரண்டு வீடு தள்ளி ஒரு தாத்தா இருந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்வெட்டியவர். சேமநிதிப் பணத்தை எடுத்து மகனின் தாமான் வீட்டுக்கு முன்பணம் கட்டினார். யாரும் மிரட்டவில்லை, ஏமாற்றவில்லை. மகிழ்ச்சியோடுதான் கொடுத்தார். புது வீட்டில் அவருக்கு ஓர் அறை இருந்தது. பேரப்பிள்ளை வளர்ந்ததும் கட்டில் கூடத்துக்கு வந்தது. விருந்தினர் வந்தால் அசிங்கமாக இருக்கிறது என்று கூடத்திலிருந்து அஞ்சடிக்கு வந்தது. கடைசி இரண்டு ஆண்டுகள் அந்தக் கட்டிலைச் சுற்றிப் பழைய தார்ப்பாயைக் கட்டியிருந்தார்கள், மழைச்சாரலுக்காக. அவரை யாரும் ஒருநாளும் அடித்ததில்லை. அவர் பணத்தில் வந்த வீட்டில் அவர் பேச்சுக்கு மட்டும் இடமில்லாமல் போனது.

இரண்டாவது சம்பவம் நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, தவணை விடுமுறையில் வீடு திரும்பியபோது நடந்தது. நாங்கள் சில மாணவர்கள் தோட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச வகுப்பு நடத்திக்கொண்டிருந்தோம். அருகிலிருந்த ஒரு பாட்டிக்குச் சமூகநல இலாகாவின் முதியோர் உதவித்தொகை வருவது எனக்குத் தெரியும். அத்தொகை 2021 முதல் மாதம் 500 ரிங்கிட். 2025இல் 600 ஆனது. பாட்டி காலில் புண்ணோடு, அறுந்த செருப்பைச் சணலால் கட்டிப் போட்டிருந்தார்.

"வெல்பேர் காசு வருதா பாட்டி?" என்று கேட்டேன்.

"வருதுன்னுதாம்மா சொல்றாங்க" என்றார்.

எனக்குத் தெரிந்தவரை, முதியோரின் பணம் பறிபோவதை இதைவிடச் சுருக்கமாக யாரும் விளக்கியதில்லை. வங்கி அட்டையும் இரகசிய எண்ணும் மகனிடம். வங்கிக்குப் பாட்டி கடைசியாகப் போனது கணக்குத் திறந்த அன்று. அன்றும் கட்டைவிரல் ரேகையைக் கருவி ஏற்கவில்லையாம். ஆண்டுக்கணக்கில் உளியும் ஒட்டுப்பாலும் தேய்த்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? 'இனிமே நீ அலைய வேணாம், நானே எடுத்துத் தர்றேன்' என்று மகன் சொன்னதும் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கிறது. கொடுமை பல வீடுகளில் இப்படி உதவியாகத்தான் உள்ளே நுழைகிறது.

எனவே தோட்டப்புறத்தில் கொடுமையை அடையாளம் காண உடம்பில் காயத்தைத் தேடுவதைவிடச் சில பொருள்கள் எங்கே இருக்கின்றன என்று பார்ப்பது பயன் தரும். ஐ.சி. யாரிடம் இருக்கிறது? வங்கி அட்டை யாரிடம்? கிளினிக்கில் கொடுத்த மருந்துப் பை பிரிக்கப்பட்டிருக்கிறதா, தேதி போட்டபடியே கிடக்கிறதா? மூக்குக்கண்ணாடி உடைந்து எத்தனை நாளாகிறது? பாட்டியின் தட்டு மற்றவர்களின் தட்டுகளோடு இருக்கிறதா, தனியாகக் கொல்லையில் இருக்கிறதா? கைப்பேசி இருந்தால் அதில் காசு இருக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருக்கலாம். ஆனால் மூன்று நான்கு சேர்ந்து வந்தால் உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

மனிதரிடமும் மாற்றம் தெரியும். கோயில் திருவிழாவில் முதல் ஆளாக நின்றவர் வருவதை நிறுத்திவிடுவார். மருமகளோ மகனோ உள்ளே வந்ததும் பேச்சை மாற்றுவார். நாம் கேட்கும் கேள்விக்கு அவர் வாய் திறக்குமுன் வேறொருவர் பதில் சொல்வார். இந்தக் கடைசி அறிகுறியை மருத்துவர்களும் தாதியரும் முக்கியமாகக் கருதுகிறார்கள்; அதனால்தான் முதியவரைத் தனியே வைத்துச் சில நிமிடம் பேச முயல்கிறார்கள்.

கேட்கும் முறையும் உண்டு. 'உங்க மகன் உங்களைக் கொடுமைப்படுத்துறாரா?' என்று கேட்டால் எந்தப் பாட்டியும் இல்லை என்றுதான் சொல்வார். பிள்ளையைக் காட்டிக்கொடுப்பதைவிடப் பட்டினி கிடப்பது மேல் என்று எண்ணும் தலைமுறை அது. 'நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?', 'மருந்து யார் எடுத்துத் தர்றாங்க?', 'கடைசியா எப்ப வெளியே போனீங்க?', 'உங்களுக்கு இந்த வீட்ல யாரைப் பார்த்தாலாவது பயமா இருக்கா?' என்று சிறிது சிறிதாகக் கேட்கலாம். பதிலைவிடப் பதிலுக்கு முன் வரும் மௌனம் அதிகம் சொல்லும்.

அவசரப்பட்டு முடிவு கட்டுவதும் தவறு. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உண்பவர்களுக்கு இலேசாக இடித்தாலே தோல் கன்றிப் போகும். மறதி நோய் உள்ளவர்கள் சாப்பிட்டதை மறந்து 'எனக்குச் சோறே போடவில்லை' என்று அண்டை வீட்டில் சொல்வது உண்டு. மெலிந்த முதியவர் எல்லாரும் பட்டினி கிடப்பவர்கள் அல்லர்.

பராமரிப்பவரின் நிலையையும் பேசியாக வேண்டும். செனவாங் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்யும் ஓர் அக்காளை எனக்குத் தெரியும். கணவர் லோரி ஓட்டுநர். பாதி நாள் வீட்டில் இருப்பதில்லை. பக்கவாதத்தில் விழுந்த மாமியார் கட்டிலில். வேலைக்குப் போகும்போது சோற்றையும் தண்ணீரையும் எட்டும் இடத்தில் வைத்து, வெளியே பூட்டிவிட்டுப் போவார். கதவைத் திறந்து வைத்தால் கண்டவர் நுழைவார்களே என்ற அச்சம் அவருக்கு. திரும்பி வரப் பத்து மணி நேரம் ஆகும். தீப்பிடித்தால் என்ன ஆகும்? அறிவுப்படி இது புறக்கணிப்புதான். ஆனால் அந்த அக்காள் குற்றவாளி என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. அவர் தன் தாய்க்குச் செய்யாததை மாமியாருக்குச் செய்கிறார். தூக்கமில்லாத கண்ணோடு, சில நாள் கத்தவும் செய்கிறார். இப்படிப்பட்ட வீட்டுக்குப் போலீஸ் தேவையில்லை. பகலில் இரண்டு முறை எட்டிப் பார்க்க ஓர் ஆள், பூட்டுக்கு இன்னொரு சாவி, ஞாயிற்றுக்கிழமை அரை நாள் ஓய்வு ஆகியவையே தேவை. கொடுமையைத் தடுப்பதில் பாதி, பராமரிப்பவர் முறிந்து போகாமல் தாங்குவதில் இருக்கிறது. ஊரில் இருக்கும் மற்றப் பிள்ளைகள் தீபாவளிக்கு வந்து குறை மட்டும் சொல்லிவிட்டுப் போவதை நிறுத்தினாலே பெரிய உதவி.

தாங்கிப் பிடித்தும் தீராத இடங்களில் சட்டம் இருக்கிறது. நம் நாட்டின் 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் 1996இல் நடப்புக்கு வந்தது. இது கணவன் மனைவிக்கு மட்டும் உரியது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. பிள்ளைகளால் துன்புறும் தாய் தந்தையும் இதன் பாதுகாப்பில் அடங்குவர். 2012ஆம் ஆண்டுத் திருத்தம் மனரீதியான வதையைச் சேர்த்தது. 2018 ஜனவரி 1இல் நடப்புக்கு வந்த திருத்தம் இக்கட்டுரைக்கு இன்னும் நெருக்கமானது: ஒருவரின் சொத்தையோ பணத்தையோ நேர்மையின்றிக் கையாண்டு அவரை இழப்பிலும் வேதனையிலும் தள்ளுவதும் குடும்ப வன்முறையே என்று அது சொல்கிறது. மகன் தாயின் உதவித்தொகையை எடுத்துக் குடித்தால் அது வீட்டு விவகாரம் அன்று. அதே திருத்தம் அவசரப் பாதுகாப்பு ஆணை என்ற ஒன்றையும் கொண்டுவந்தது. உடலுக்கு ஆபத்து என்ற நிலையில் அதிகாரம் பெற்ற சமூகநல அதிகாரியே அதை வழங்கலாம். நீதிமன்றம் திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஏழு நாள்களுக்கு அது செல்லும்.

புகார் செய்யப் பாதிக்கப்பட்டவரே வர வேண்டும் என்பதும் இல்லை. வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணம் உள்ள எவரும் தகவல் தரலாம்; அண்டை வீட்டாரும், ஆசிரியரும், விடுமுறைக்கு வந்த மாணவரும்தான். தாலியான் காசே எனப்படும் 15999 என்ற எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. காயம் இருந்தால் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே அழைத்துச் செல்ல வேண்டும். வன்முறைக்கு ஆளானவர்களை ஒரே இடத்தில் கவனிக்கும் மையம் 1994இல் கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கி, பிறகு மற்ற அரசு மருத்துவமனைகளுக்கும் பரவியது. போக்கிடமே இல்லாத முதியவர்களுக்குச் சிரம்பானில் சமூகநல இலாகாவின் ரூமா ஸ்ரீ கெனாஙான் இல்லம் இருக்கிறது. அதுவே கடைசி வழி. நான் பேசிய முதியவர்களில் ஒருவர்கூட அங்கே போக விரும்பியதில்லை. அவர்கள் கேட்பது தங்கள் வீட்டிலேயே கொஞ்சம் மரியாதை.

ஆனால் சட்டத்துக்குப் போகும் முன்பே செய்யக்கூடியவை ஏராளம். முதலாவது, சேமநிதிப் பணம். 55 வயதில் முழுவதையும் எடுத்தே ஆக வேண்டும் என்று தோட்டத்தில் பலர் இன்னும் நம்புகிறார்கள். கட்டாயம் எதுவும் இல்லை. தேவைக்கேற்பச் சிறிது சிறிதாக எடுக்கலாம். எடுக்காத பணத்துக்கு 100 வயது வரை லாப ஈவு சேரும். தாம் இறந்த பின் யாருக்குப் போக வேண்டும் என்று வாரிசை நியமித்து வைத்தால் போதும், உயிரோடு இருக்கும்போதே கொடுக்க வேண்டியதில்லை. 'எல்லாம் உனக்குத்தான்யா, ஆனா நான் போனப்புறம்' என்று ஒரு தகப்பன் சொல்வது பிள்ளைமேல் பாசம் இல்லாததால் அன்று. தனியார் துறையில் ஓய்வு வயது 2013 ஜூலை முதல் 60 ஆகியிருப்பதையும் சொல்ல வேண்டும். 55இலேயே வேலையை விடச் சொல்லி வீட்டில் நெருக்கினால் ஏன் என்று கேட்க வேண்டும்.

பிள்ளையின் வீட்டுக்குப் பணம் கொடுப்பதாக இருந்தால் பத்திரத்தில் தம் பெயரும் இருக்கட்டும். இந்தியாவின் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதற்கென ஒரு பிரிவு உண்டு: பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக்கொடுத்த பின் பிள்ளை பராமரிக்கவில்லை என்றால் அந்தக் கொடையையே செல்லாததாக்கலாம். அங்கே அனுபவப்பட்டுத்தான் இப்படி எழுதியிருக்கிறார்கள். இங்கே நம்மவர்கள் ஒரு வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் பேசினாலே பல குடும்பங்களின் வம்பு குறையும்.

சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கும் முதியவர்களை நான் தனியாகக் குறிப்பிட விரும்புகிறேன். இந்த மண்ணில் பிறந்தும் பத்திரம் இல்லாததால் குடியுரிமை பெறாதவர்கள் இவர்களில் உண்டு. முதியோர் உதவித்தொகை குடிமக்களுக்கானது. கையில் ஒரு காசும் வராத இவர்கள்தாம் பிள்ளைகளை முழுக்க முழுக்க நம்பி இருப்பவர்கள். பாரம் நிரப்பத் தெரிந்த பல்கலைக்கழக மாணவர்கள் நாம் இத்தனை பேர் இருக்கிறோம். நம் பேரவைகள் தோட்டங்களில் நடத்தும் முகாம்களில் பிள்ளைகளுக்கு வகுப்பு நடக்கும் அதே நேரத்தில், கோயில் மண்டபத்தின் ஒரு மூலையில் இரண்டு பேர் மேசை போட்டு உட்கார்ந்தால் பெரியவர்களின் பத்திரங்களைப் பார்க்கலாம். அங்கே வந்து உட்காரும் தாத்தா பாட்டிகளோடு தனியே பேசவும் காரணம் கிடைத்துவிடும்.

மேலே சொன்ன பாட்டியின் கணக்குப் புத்தகம் அப்படித்தான் எங்கள் கைக்கு வந்தது. பக்கத்து வீட்டு அத்தையும் நானும் அவரைப் போர்ட்டிக்சனுக்கு அழைத்துப் போய்ப் புத்தகத்தில் கணக்கு ஏற்றினோம். ஒவ்வொரு மாதமும் பணம் வந்த மறுநாளே ஐந்து, பத்து மட்டும் மிச்சம் வைத்து எடுக்கப்பட்டிருந்தது. பாட்டிக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கினார். புகார் கொடுக்கச் சம்மதிக்கவே இல்லை. புது அட்டைக்கும் புது இரகசிய எண்ணுக்கும் மட்டும் சம்மதித்தார். மகன் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சத்தம் போட்டான். அத்தை வெளியே வந்து, சமூகநல அதிகாரியை வரச் சொல்லவா என்று கேட்டதும் போய்விட்டான். இன்றுவரை அவன் எங்களோடு பேசுவதில்லை.

அட்டை இப்போது பாட்டியின் வெற்றிலைப் பெட்டிக்குள் இருக்கிறது. மாதம் ஒருமுறை அத்தையோடு பேருந்தில் போய் வருகிறார். முதல் மாதம் எடுத்த பணத்தில் தமக்குச் செருப்பு வாங்கவில்லை. மகனின் பிள்ளைக்குப் பள்ளிக் காலணி வாங்கினார்.